வைட்டமின் ‘சி’ குறைந்தால் நொதிகள் ஏன் நின்றுவிடுகின்றன?

மூன்றாமாண்டு, விலங்கியல்

ஈறிலிருந்து இரத்தம் கசிந்தால் எலுமிச்சம்பழம் சாப்பிடச் சொல்வது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். வைட்டமின் ‘சி’ குறைந்தால் ஸ்கர்வி நோய் வரும் என்பது நம் பள்ளிப் புத்தகங்களின் பாடம். இரண்டும் உண்மையே. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. நாளொன்றுக்கு ஒரு சிட்டிகை அளவுகூட வேண்டாத ஒரு பொருள் குறைந்தால், ஈறும் எலும்பும் தசையும் கல்லீரலும் சேர்ந்தாற்போல் தளர்வது எப்படி?

விடை நொதிகளில் இருக்கிறது. நொதி எனப்படும் என்சைம், உயிரணுவுக்குள் வேதிவினைகளை நடத்திவைக்கும் புரதமாகும். விலங்கின் உறுப்புகளில் உள்ள சில நொதிகளுக்கு வைட்டமின் ‘சி’ துணை நிற்கிறது. துணை போனால் நொதியின் கை ஓய்கிறது. எந்த உறுப்பில் எந்த நொதியின் கை ஓய்கிறது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதைப் பழைய காலத்துக் கப்பலோட்டிகளின் நோய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன்.

ஆடு செய்கிறது, நாம் செய்வதில்லை

வைட்டமின் ‘சி’யின் வேதிப்பெயர் அஸ்கார்பிக் அமிலம். பெரும்பாலான விலங்குகள் இதை உணவில் தேடுவதில்லை. உடலில் உள்ள குளுக்கோசிலிருந்து தாமே செய்துகொள்கின்றன. ஆடு, மாடு, நாய், எலி ஆகிய பாலூட்டிகளின் கல்லீரலில் இந்த வேலை நடக்கிறது. தவளைக்கும் ஓணானுக்கும் கோழிக்கும் சிறுநீரகத்தில் நடக்கிறது. பல படிகள் கொண்ட இவ்வேலையின் கடைசிப் படியை முடிப்பது குலோனோலாக்டோன் ஆக்சிடேஸ் என்னும் நொதி.

மனிதனிடம் இந்த நொதி இல்லை. அதற்குரிய ஜீன் நம் எட்டாவது குரோமோசோமில் சிதைந்த நிலையில் இன்றும் கிடக்கிறது. நமக்கும் குரங்குகளுக்கும் பொதுவான மூதாதையிடம், சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அது பழுதாகிவிட்டது. தேவாங்கின் இனம் அதற்கு முன்பே தனிக்கிளையாகப் பிரிந்துவிட்டதால் அதனிடம் இத்திறன் தங்கிவிட்டது. கினிப்பன்றி வேறொரு வழியில், வேறொரு காலத்தில் இதை இழந்தது.

இந்தத் துறையில் நம் நாட்டின் பங்கு பெரிது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீரேஷ் சந்திர குஹா 1930-களிலேயே வைட்டமின் ‘சி’ ஆய்வில் இறங்கியவர். அவரும் ஆர். என். ராயும் 1958-இல் ஒரு புதுமையைக் கண்டனர். வைட்டமின் ‘சி’ இல்லாத உணவைக் கொடுத்து ஒரு பறவைக்கு ஸ்கர்வி வரச் செய்தனர். பறவைகளுக்கு இந்த நோய் வராது என்ற எண்ணம் அதனால் மாறியது. அந்தப் பறவை அயல்நாட்டு அபூர்வப் பறவை அன்று. தலையில் கருங்கொண்டையும் வாலடியில் சிவப்பும் கொண்ட கொண்டைக்குருவிதான்! என் ஊரான சாகுபுரத்தில், உப்பளத்துக்கும் இரசாயனத் தொழிற்சாலைக்கும் இடைப்பட்ட உடைமரங்களில் நாள்தோறும் கத்திக்கொண்டிருக்கும் அதே குருவி. குஹாவின் வழியில் வந்த ஐ. பி. சட்டர்ஜியும் அவருடைய குழுவினரும், எந்தெந்த விலங்கின் எந்த உறுப்பில் இந்த நொதி இருக்கிறது என்று வரிசையாகச் சோதித்து, 1973-இல் பரிணாம வளர்ச்சியோடு இணைத்து விளக்கினர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காட்டில் திரியும் கொண்டைக்குருவி பழத்தைத் தின்று நலமாக இருக்கிறது. கூண்டில் அடைத்து நாம் போடுவதைத் தின்னச் செய்யும்போதுதான் அதற்கு ஸ்கர்வி வருகிறது. கினிப்பன்றிக்கும் அப்படியே. மாதக்கணக்கில் கரை காணாத மாலுமிக்கும் அப்படியே. தானே செய்துகொள்ள முடியாத உயிர், தானே தேடித் தின்னவும் முடியாத நிலைக்கு வரும்போதுதான் பெரும்பாலும் இந்தக் குறை தலைதூக்குகிறது.

குன்னூரில் கண்ட அட்ரினல் சுரப்பி

கினிப்பன்றிக்கு ஸ்கர்வி வரும் என்பதை 1907-இல் நார்வே நாட்டின் ஹோல்ஸ்ட், ஃபுரோலிச் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். அதன் பின்னரே இந்த நோயைச் சோதனைக்கூடத்தில் ஆராய வழி பிறந்தது. அந்த ஆய்வு நம் தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

நீலகிரி மாவட்டம் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்தில், 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் உணவுக்குறை நோய்களைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். ஸ்கர்வியை உண்டாக்கும் உணவைக் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்து அவற்றின் உறுப்புகளைச் சோதித்தார். சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி பெருத்து, அதில் இரத்தக் கசிவும் கண்டிருந்தது. ஆனால் அதிலிருந்த அட்ரினலின் அளவு குறைந்திருந்தது. 1919-இல் இதை அவர் வெளியிட்டார். சுரப்பி பெரிதாயிற்று, சுரப்போ சிறிதாயிற்று! இதற்கு அன்று விளக்கமில்லை. வைட்டமின் ‘சி’ என்பது இன்ன பொருள் என்பதே அப்போது உலகம் அறியாதது.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1928-இல், ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி ஒரு புதிய அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அவர் எடுத்ததும் அட்ரினல் சுரப்பியிலிருந்துதான். 1932-இல் அதுவே வைட்டமின் ‘சி’ என்று உறுதியாயிற்று. 1937-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடலில் இந்த வைட்டமினை மிகச் செறிவாகச் சேர்த்து வைத்திருக்கும் உறுப்புகளில் அட்ரினலும் ஒன்று. அது வீணுக்குச் சேர்த்து வைக்கவில்லை என்பது நொதிகளை ஆராய்ந்தபோது புலனாயிற்று.

நொதியின் இரும்பும் சாகுபுரத்துத் துருவும்

எங்கள் ஊர்ப்பக்கம் வந்து பார்த்தவர்களுக்கு உப்புக்காற்றின் கைவரிசை தெரியும். புதிய சைக்கிள் சங்கிலி சில வாரங்களில் சிவந்துவிடும். சன்னல் கம்பி பொருக்குப் பொருக்காக உதிரும். இரும்பு அங்கேயேதான் இருக்கும். ஆனால் வேலைக்கு உதவாது. நொதிகளுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுவே.

தோலிலும் எலும்பிலும் ஈறிலும் உள்ள முக்கியப் புரதம் கொல்லாஜன். நம் உடலின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுதான். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது அதன் அமைப்பு. இழைகள் பிரியாமல் நிற்க வேண்டுமானால், அதிலுள்ள புரோலின் என்னும் அமினோ அமிலம் பல இடங்களில் ஹைடிராக்சிபுரோலின் ஆக மாற்றப்பட வேண்டும். அதை மாற்றுவது புரோலில் ஹைடிராக்சிலேஸ் என்னும் நொதி. அதன் நடுவில் ஓர் இரும்பு அணு உண்டு. அந்த இரும்பு இரண்டு நேர்மின் கூறுகளோடு இருக்கும் வரையில் நொதி வேலை செய்யும். வேலையின் நடுவே சில வேளைகளில் வினை வழிதவறி, இரும்பு மேலும் ஓர் எலெக்டிரானை இழந்து மூன்று நேர்மின் கூறுள்ளதாக மாறிவிடுகிறது. துருப்பிடித்த இரும்பின் நிலையும் இதுவே. வைட்டமின் ‘சி’ ஓர் எலெக்டிரானைத் தந்து அதைப் பழைய நிலைக்கு மீட்கிறது.

எனவே, வைட்டமின் ‘சி’ குறைந்த விலங்கில் நொதிப் புரதம் உடனே மறைந்துவிடுவதில்லை. அது இருக்கிறது, இருந்தும் வேலை நடப்பதில்லை. வைட்டமினைத் திரும்பக் கொடுத்ததும் நோயாளி சில நாட்களிலேயே தேறத் தொடங்குவதன் இரகசியமும் இதுதான். புதிய தொழிலாளியைத் தேட வேண்டியதில்லை. இருப்பவனின் கருவியைத் துலக்கிக் கொடுத்தால் போதும்.

உறுப்பு உறுப்பாக

தோல், ஈறு, எலும்பு: முழுமையாக மாற்றப்பட்ட கொல்லாஜன் கயிறு சுமார் 39 டிகிரி சென்டிகிரேடு வரை முறுக்குப் பிரியாது. மாற்றப்படாத கொல்லாஜன் சுமார் 24 டிகிரியிலேயே பிரிந்துவிடும். நம் உடல் வெப்பமோ 37 டிகிரி. ஆகவே நொதி வேலை செய்யாவிட்டால் கயிறு திரிக்கத் திரிக்கவே அவிழ்கிறது. இரத்தக் குழாய்ச் சுவர் வலுவிழந்து ஈறு கசிகிறது. புண் ஆற மறுக்கிறது. 1939-இல் ஜான் கிராண்டன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தம்மையே சோதனைப் பொருளாக்கி, வைட்டமின் ‘சி’ இல்லாத உணவை ஆறு மாதம் உண்டார். மூன்றாம் மாதத்தில் தம் முதுகில் ஏற்படுத்திக்கொண்ட காயம் ஒழுங்காக ஆறியது. ஆறாம் மாதத்தில் ஏற்படுத்திய காயமோ உள்ளே ஆறவில்லை. கினிப்பன்றிக்கு இவ்வளவு காலம் வேண்டாம். மூன்றாம் வாரத்தில் மூட்டு வீங்கும், நான்காம் வாரத்தையொட்டி இறந்துவிடும்.

அட்ரினல்: இங்கே டோபமின் பீட்டா ஹைடிராக்சிலேஸ் என்னும் நொதி, டோபமினை நார் அட்ரினலின் ஆக்குகிறது. அதிலிருந்து அட்ரினலின் பிறக்கிறது. இந்த நொதியில் இரும்புக்குப் பதில் செம்பு இருக்கிறது. செம்புக்கும் எலெக்டிரான் தருவது வைட்டமின் ‘சி’யே. குன்னூரில் மெக்காரிசன் கண்ட குறைவைப் புரிந்துகொள்ள இந்த நொதி நமக்கு ஒரு வழி காட்டுகிறது.

தசை: கொழுப்பு அமிலத்தை எரித்துச் சக்தி பெற, அதை உயிரணுவின் மைட்டோகாண்டிரியாவுக்குள் தூக்கிச் செல்லும் ஆள் ஒருவன் வேண்டும். கார்னிடின் என்னும் பொருள்தான் அந்த ஆள். அதைச் செய்யும் பணியில் இரண்டு நொதிகள் வைட்டமின் ‘சி’யை நாடுகின்றன. ஸ்கர்வி கண்ட கினிப்பன்றியின் தசையில் கார்னிடின் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஈறு கசிவதற்கு முன்பே நோயாளிகள் காரணமில்லாத சோர்வைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

கல்லீரல்: கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக மாற்றும் வேலையின் முதற்படியில் ஒரு ஹைடிராக்சிலேஸ் நொதி நிற்கிறது. வைட்டமின் குறைந்த கினிப்பன்றியில் இவ்வேலை மந்தமாகி, கொலஸ்டிரால் கல்லீரலிலும் இரத்தத்திலும் தேங்குவதை, செக்கோஸ்லோவாகியாவில் பணியாற்றிய எமில் கிண்டர் 1973-இல் வெளியிட்டார். மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளும் கல்லீரலில் தளர்கின்றன. ஆகையால், ஸ்கர்வி கண்ட கினிப்பன்றிக்குத் தூக்க மருந்து கொடுத்தால், நலமான கினிப்பன்றியை விட நெடுநேரம் உறங்குகிறது. டைரோசின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதியும் தடைபடுவதால், பாதி சிதைந்த பொருள்கள் சிறுநீரில் வெளிவருகின்றன; வைட்டமினைக் கொடுத்ததும் அவை மறைகின்றன.

அளப்பதில் உள்ள சிக்கல்

இவ்வளவையும் படித்த மாணவ நண்பர் ஒருவர், “இரண்டு கூண்டு போதுமே! ஒன்றுக்கு வைட்டமின் உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. ஈரலை எடுத்து நொதியை அளந்துவிடலாமே?” என்று கேட்கலாம். அது அவ்வளவு எளிதன்று.

ஸ்கர்வி கண்ட விலங்குக்குப் பசி எடுப்பதில்லை. உணவைக் குறைத்துக்கொண்டு அது இளைத்துப் போகிறது. பட்டினியால் இளைத்தாலும் பல நொதிகளின் செயல் குறையும். அப்படியானால் நாம் அளந்த குறைவு வைட்டமின் இல்லாததாலா, சோறு இல்லாததாலா? இதைப் பிரித்தறிய மூன்றாவது கூண்டு வேண்டும். நோயுற்ற விலங்கு இன்று எவ்வளவு தின்றதோ, அதே அளவை மறுநாள் மூன்றாவது கூண்டுக்குக் கொடுக்க வேண்டும்; ஆனால் வைட்டமினையும் சேர்த்து. இரண்டும் ஒரே அளவில் இளைக்கும். அதன் பிறகும் தெரியும் வேறுபாடே வைட்டமினுக்கு உரியது.

இந்த எச்சரிக்கை வெறும் வாதமன்று. அமெரிக்காவின் பெவர்லி பீட்டர்காஃப்ஸ்கி 1991-இல் இதைத் தெளிவாக்கினார். ஸ்கர்வி கண்ட கினிப்பன்றியில் கொல்லாஜன் உற்பத்தி குறைவதில் பெரும்பங்கு, உணவு குறைந்து உடல் இளைப்பதனால் நேர்வது; ஹைடிராக்சிலேஸ் நொதியின் தளர்ச்சி அதனுடன் சேர்ந்துகொள்கிறது. எலும்பிலும் இரத்தத்திலும் ஆல்கலைன் பாஸ்பேடேஸ் என்னும் நொதி ஸ்கர்வியில் குறைவதையும் இப்படியே நோக்க வேண்டும். அந்த நொதிக்கு வைட்டமின் ‘சி’ நேரடித் துணையன்று. எலும்பை வளர்க்கும் உயிரணுக்கள் சோர்வதால் அதுவும் சோர்கிறது. நேரே நின்றது எது, தொடர்ந்து நின்றது எது என்று பிரித்துப் பார்ப்பதே உண்மையான ஆய்வு.

கடற்கரைப் பண்ணையில்

நம் கடற்கரைக்கு இதில் ஒரு பொருளாதாரப் பங்கும் உண்டு. நாம் உண்ணும் முள்ளுள்ள மீன்களும் இறாலும் தமக்குத் தேவையான வைட்டமின் ‘சி’யைச் செய்துகொள்ள முடியாதவை. கடலில் அவற்றுக்கு இது ஒரு குறையன்று. பாசியிலும் மிதவை உயிர்களிலும் தேவையானது கிடைத்துவிடும். பண்ணைக் குளத்தில் அடைத்து, நாம் போடும் தீவனத்தையே நம்பச் செய்யும்போது அவையும் கூண்டுக் கினிப்பன்றியின் நிலைக்கு வருகின்றன. வைட்டமின் ‘சி’ குறைந்த தீவனத்தில் வளர்ந்த இறாலின் ஓட்டுக்கடியிலும் செவுளிலும் கருமைத் திட்டுகள் தோன்றி அது மடிவதை 1970-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் விவரித்தனர். மீன்களில் முதுகெலும்பு வளைகிறது. காரணம் அதே கொல்லாஜன், அதே நொதி.

தீவனத்தில் வைட்டமினைக் கலந்துவிட்டால் போதாதா என்றால், தயாரிக்கும்போது படும் சூடும், மூட்டையாக வைத்திருக்கும் மாதங்களும் அதை அழித்துவிடுகின்றன. ஆகவே பாஸ்பேட்டுடன் இணைத்து நிலைப்படுத்திய வைட்டமினைத் தீவனத்தில் சேர்க்கின்றனர். மூட்டையின் மேல் அச்சிட்ட அளவைவிட, இறாலின் வாய்க்குப் போகும் அளவே முக்கியம்.

நம் வீட்டுத் தட்டில்

மூட்டைக்குச் சொன்னது நம் தட்டுக்கும் பொருந்தும். இந்தியாவில் 60 வயதைக் கடந்த 5,600-க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வொன்று 2011-இல் வெளியாயிற்று. வைட்டமின் ‘சி’ குறைபாட்டு எல்லைக்குக் கீழே இருந்தவர்கள் வட இந்தியப் பகுதியில் 74 சதவீதம். தென்னிந்தியப் பகுதியில் 46 சதவீதம். ஏறக்குறைய இருவரில் ஒருவர்! இவர்கள் அனைவருக்கும் ஸ்கர்வி என்று பொருளன்று. ஆயினும், ‘வயசாயிட்டா அப்படித்தான்’ என்று நாம் தள்ளிவிடும் சோர்வும், ஆறாத புண்ணும், ஈற்றுக் கசிவும் முற்றிலும் வயதின் வேலைதானா என்று கேட்க இந்த எண்கள் நம்மை வற்புறுத்துகின்றன. பல் போனதால் கொய்யாவைக் கடிக்க முடியாமல், கஞ்சியும் குழம்பும் கருவாடுமாக நாளைக் கழிக்கும் பெரியவர்கள் எங்கள் ஊரில் உண்டு. உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்கள் எந்தக் கூண்டிலும் இல்லை. ஆனால் தாமே தேடித் தின்ன முடியாத நிலை அவர்களுக்கும் வந்துவிட்டது.

மீனிலும் சோற்றிலும் இந்த வைட்டமின் மிகக் குறைவு. கருவாட்டில் இல்லையென்றே சொல்லலாம். புளிப்பாக இருப்பதெல்லாம் வைட்டமின் ‘சி’ என்ற எண்ணமும் தவறு. குழம்புக்குக் கரைக்கும் புளியின் புளிப்பு வேறோர் அமிலத்தால் வருவது. மாறாக, 100 கிராம் நெல்லிக்காயில் சுமார் 250 மில்லிகிராமும், கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராமும், முருங்கைக்கீரையில் சுமார் 100 மில்லிகிராமும் உள்ளன. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்தபடி, நாளொன்றுக்கு ஆணுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் தேவை. மெக்காரிசன் குன்னூரில் தொடங்கிய ஆய்வகமே பின்னர் 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்று வளர்ந்து அந்த நிறுவனமாயிற்று என்பது நாம் மகிழ வேண்டிய செய்தி.

கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் வைட்டமினில் பெரும்பகுதி போய்விடும். நறுக்கிய பின் கழுவாமல், கழுவிய பின் நறுக்கி, மூடி வைத்து, குறைந்த நேரம் வேகவைப்பது நல்லது. பல்லில்லாதவர்களுக்கு நெல்லிக்காயைத் துருவி மோரில் கலந்து கொடுக்கலாம். சோறு ஆறிய பின் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து கொடுக்கலாம். செலவு சில ரூபாய்தான்.

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி அளித்த கதையை நாம் அனைவரும் அறிவோம். ஆராய்ச்சிக்கூடத்தில் உயிரிழந்த கினிப்பன்றிகளும் கொண்டைக்குருவிகளும் கற்றுத்தந்த பாடத்தால், அந்தக் கனி உறுப்புகளுக்குள் என்ன செய்கிறது என்பதையும் இன்று அறிகிறோம். விலங்கியலும் வேதியியலும் பயிலும் நாம், தேர்வுத்தாளில் எழுதுவதோடு இதை நிறுத்திவிடாமல், விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டுப் பெரியவர்களின் தட்டையும் ஒருமுறை பார்த்து வருவோமாக.